வேலை டிரைவ் வேறு, பயண டிரைவ் வேறு: வீடியோ எடிட்டருக்கான ஃபார்மேட் வழிகாட்டி

மேக்கில் எடிட் செய்துகொண்டிருந்த ஹார்ட் டிஸ்க்கை விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினால் சின்னதாக ஒரு பெட்டி திறக்கும். இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று கேட்கும். கேட்கிற தோரணையைப் பார்த்தால் டிஸ்க்கே போய்விட்டதோ என்று பதறத் தோன்றும். ஒன்றும் ஆகியிருக்காது. உள்ளே இருக்கும் கோப்பு அமைப்பை, அதாவது ஃபார்மேட்டை, விண்டோஸுக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். கேன்சல் கொடுத்து, எஜெக்ட் செய்து, மறுபடி மேக்கில் செருகினால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். அவசரத்தில் 'ஃபார்மேட் டிஸ்க்' பொத்தானை அழுத்தினால்தான் வினை.

கல்யாண வீடியோ வேலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பெட்டி நன்றாகவே பழக்கமாகியிருக்கும். ஸ்டூடியோவில் விண்டோஸும் எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருளும் ஓடும். வெளியே வேலை எடுத்துச் செய்யும் எடிட்டர் மேக்கும் டாவின்சி ரிசால்வும் வைத்திருப்பார். இருவருக்கும் நடுவே ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க் கூரியரில் போய் வந்துகொண்டிருக்கும். அந்த ஒரே டிஸ்க்கில் ஃபுட்டேஜ், ப்ராஜெக்ட், ப்ராக்ஸி (எடிட்டுக்கான சிறிய நகல்), கேஷ் (மென்பொருள் தானாக எழுதும் தற்காலிகக் கோப்புகள்), இறுதி வீடியோ எல்லாம் கிடக்கும். பெரும்பாலான தலைவலிக்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். எடிட் செய்யும் டிரைவையும், இடம் மாற்றுவதற்கான டிரைவையும் பிரித்துவிட்டால் எந்த ஃபார்மேட் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

எந்த ஃபார்மேட் எதற்கு

ஃபேட்32-ஐ முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 100 எம்பிபிஎஸ்ஸில் (விநாடிக்கு 100 மெகாபிட்; எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்) எடுத்த 4கே கிளிப் ஆறு நிமிடம்கூட ஆகாமல் அந்த எல்லையைத் தொட்டுவிடும். வாடிக்கையாளர் வீட்டுப் பழைய டிவியில் பென் டிரைவ் செருகிப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் ஃபேட்32 தேவைப்படும். அங்கேயும் இறுதி வீடியோவை 4 ஜிபிக்குக் குறைவான துண்டுகளாக வெட்டித்தான் தர வேண்டியிருக்கும்.

என்டிஎஃப்எஸ் 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்தது. இன்றும் விண்டோஸின் சொந்த ஃபார்மேட் இதுதான். இதில் ஜர்னலிங் உண்டு. அதாவது, டிஸ்க்கில் ஒரு மாற்றம் செய்யும் முன் 'இதைச் செய்யப் போகிறேன்' என்று தனியாக ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளும். எழுதும் பாதியில் கரண்ட் போனாலும், அடுத்த முறை அந்தக் குறிப்பைப் பார்த்து அடைவைச் சரிசெய்துகொள்ளும். விண்டோஸ் மட்டுமே உள்ள இடத்தில் வேலை டிரைவுக்கு இதைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். மேக் இதைப் படிக்கும், ஆனால் எழுதாது. எழுத வேண்டுமானால் பாராகான், டக்ஸெரா போன்ற நிறுவனங்களின் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

மேக்கால் எழுத முடியாது என்பதைக் குறையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது சில நேரம் வசதியாகப் படுகிறது. ஸ்டூடியோ ஃபுட்டேஜை என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் அனுப்பினால், மேக்கில் வைத்து யாரும் கைதவறி எதையும் அழிக்க முடியாது. எடிட்டர் தன் எஸ்எஸ்டிக்குக் காப்பி எடுத்துக்கொண்டு டிஸ்க்கை அப்படியே திருப்பி அனுப்பலாம். ஒருவழிப் பயணம் என்றால் இதுவே போதும்.

மேக் பக்கம் இரண்டு ஃபார்மேட்கள். 1998-இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டட் ஒன்று, 2017-இல் ஹை சியராவோடு வந்த ஏபிஎஃப்எஸ் மற்றொன்று. எஸ்எஸ்டி என்றால் ஏபிஎஃப்எஸ். அதை எஸ்எஸ்டியை மனதில் வைத்துத்தான் வடிவமைத்தார்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் நான் இன்னமும் ஜர்னல்டு என்று போட்டிருக்கும் மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டட்தான் சொல்வேன். ஏபிஎஃப்எஸ் பழைய தகவலின் மேலேயே எழுதாமல் ஒவ்வொரு மாற்றத்தையும் புது இடத்தில் எழுதும். எஸ்எஸ்டிக்கு அதனால் ஒன்றுமில்லை. ஹார்ட் டிஸ்க்கிலோ தகவல் நாளாக ஆகச் சிதறி, உள்ளே தகவலைப் படிக்கும் தலை இங்கும் அங்கும் ஓட வேண்டிவரும். ஃபோல்டர் திறப்பதே மெதுவாகும்.

கடைசியாக எக்ஸ்ஃபேட். மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்தது. விண்டோஸ், மேக் இரண்டும் படிக்கும், எழுதும். லினக்ஸும் அதன் மையப் பகுதியான கெர்னலின் 5.4 பதிப்பிலிருந்து தானாகவே ஏற்றுக்கொள்கிறது. 4 ஜிபி எல்லை கிடையாது. 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டுகள் கடையிலிருந்து வரும்போதே இந்த ஃபார்மேட்டில்தான் வருகின்றன. கேட்டால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு இதையே சொல்வதும் அதனால்தான்.

ஆனால் எக்ஸ்ஃபேட்டில் ஜர்னலிங் இல்லை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையும் வழக்கமாக ஒரே பிரதிதான். பழைய ஃபேட்32 கூட இரண்டு பிரதி வைத்துக்கொள்ளும். எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிள் அசைந்து இணைப்பு விட்டுப்போனால், அப்போது எழுதிய கோப்போடு மற்றவையும் சேர்ந்து மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. எடிட்டிங் என்பது மணிக்கணக்காகக் கேஷும் ரெண்டரும் ஆட்டோசேவும் எழுதிக்கொண்டே இருக்கும் வேலை. அதனால் எக்ஸ்ஃபேட்டைக் கொண்டுபோக, கொண்டுவர மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேலே உட்கார்ந்து எடிட் செய்யாதீர்கள். பிளாக்மேஜிக் நிறுவனம்கூடத் தன் கேமராக்களில் எக்ஸ்ஃபேட், மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டட் இரண்டையும் தந்துவிட்டு, ஜர்னலிங் இருப்பதால் இரண்டாவதைப் பரிந்துரைக்கிறது.

ஃபார்மேட் செய்யும் முன்

எவ்வளவு இடம் வேண்டும் என்று முதலில் கணக்குப் போட்டுவிடுங்கள். 100 எம்பிபிஎஸ் 4கே என்றால் மணிக்கு 45 ஜிபி. மூன்று கேமரா, ஒவ்வொன்றும் ஆறு மணி நேரம் ஓடினால் 810 ஜிபி. 1 டிபி டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது, அந்த வித்தியாசம்தான். எப்படிப் பார்த்தாலும் இந்த வேலைக்கு 1 டிபி போதாது. ப்ராக்ஸி, கேஷ், இறுதி வீடியோ எல்லாம் எங்கே போகும்? ஆப்பிளின் உயர்தர வீடியோ வடிவமான ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூவில் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 4கே யுஹெச்டி 25 ஃப்ரேமில் அது மணிக்கு 330 ஜிபிக்கு மேல் விழுங்கும்.

வேகமும் அதே போலத்தான். பையில் போட்டுச் செல்லும் சாதாரண ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 100 முதல் 140 எம்பி வரை தரும். 500 ஜிபி காப்பி ஆக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 10 ஜிபிபிஎஸ் யுஎஸ்பி எஸ்எஸ்டியில் அதே வேலை பத்து நிமிடத்தில் முடியக்கூடும். எஸ்எஸ்டி வாங்கிவிட்டு, போன் சார்ஜரோடு வந்த யுஎஸ்பி-சி கேபிளைப் போட்டால் எல்லாம் வீண். அவற்றில் பெரும்பாலானவை யுஎஸ்பி 2 வேகம்தான், அதாவது விநாடிக்கு 40 எம்பிக்குள். காப்பி நான்கு மணி நேரம் என்று காட்டினால் டிரைவைத் திட்டும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

20 ஜிபிபிஎஸ் என்று பெட்டியில் போட்டிருக்கும் எஸ்எஸ்டிக்குக் கூடுதல் காசு கொடுக்கும் முன் உங்கள் கம்ப்யூட்டரின் போர்ட் அதை ஏற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தண்டர்போல்ட் 3, 4 போர்ட் உள்ள மேக்குகளில் அது 10 ஜிபிபிஎஸ்ஸில்தான் ஓடும்.

சந்தேகப்படும்படியான மலிவு விலையில் 8 டிபி, 16 டிபி எஸ்எஸ்டி என்று ஆன்லைனில் விற்பவை அநேகமாகப் போலி. உள்ளே சின்ன மெமரி கார்டு ஒன்றை வைத்து, 16 டிபி என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். ஃபார்மேட்டும் ஒழுங்காக ஆகும், காப்பியும் ஆகும். நிஜ இடம் நிரம்பியதும் அதன்பின் எழுதியவை பாழாகும். விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்ற இலவசக் கருவிகள் டிரைவ் முழுக்க எழுதிப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். புது டிரைவில் முதல் ஃபுட்டேஜ் விழும் முன் ஓர் இரவு இதை ஓடவிடுவது நல்லது.

ஏற்கனவே பயன்படுத்திய டிரைவ் என்றால், ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது போய்விடும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது வேறொன்று: ஃபார்மேட் செய்யும் நேரத்தில் மற்ற எல்லா வெளி டிரைவையும் கழற்றிவிடுங்கள். ஒரே கம்பெனியின் ஒரே மாதிரி டிரைவ் இரண்டு செருகியிருக்கும்போது பட்டியலில் இரண்டும் ஒரே பெயரில் நிற்கும்.

மேக்கில் செய்யும் முறை

1. அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டருக்குள் யுடிலிட்டீஸ், அதற்குள் டிஸ்க் யுடிலிட்டி. ஸ்பாட்லைட்டில் பெயரைத் தட்டினாலும் வந்துவிடும்.

2. மேலே வியூ மெனுவில் 'ஷோ ஆல் டிவைசஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பலர் தவறவிடுவது இந்தப் படியைத்தான். இதைச் செய்யாவிட்டால் இடது பக்கம் வால்யூம் (டிரைவுக்குள் ஃபார்மேட் செய்த பகுதி) மட்டும் தெரியும், டிரைவ் தெரியாது.

3. இடது பட்டியலில் வெளி டிரைவுக்கு உரிய வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதை, அதாவது கம்பெனி பெயரோடு நிற்கும் டிரைவையே தேர்ந்தெடுங்கள். அதன் கீழே உள்ளே தள்ளி நிற்கும் வால்யூமை அல்ல.

4. எரேஸ் அழுத்துங்கள். பெயர், ஃபார்மேட், ஸ்கீம் என்று மூன்று கேட்கும். ஸ்கீம் என்ற வரியே வரவில்லை என்றால் முந்தைய படியில் வால்யூமைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள், திரும்பிப் போங்கள்.

5. ஸ்கீமில் 'ஜியூஐடி பார்ட்டிஷன் மேப்' வையுங்கள். டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்துக் குறித்துவைக்கும் பழைய எம்பிஆர் முறை 2 டிபிக்கு மேல் உள்ள இடத்தைக் கையாளாது. 4 டிபி டிஸ்க் வாங்கிவிட்டு பாதி இடம் காணவில்லை என்று புலம்புபவர்கள் சிக்கிய இடம் பெரும்பாலும் இதுதான்.

6. ஃபார்மேட்டில் எஸ்எஸ்டிக்கு ஏபிஎஃப்எஸ், ஹார்ட் டிஸ்க்குக்கு மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டட் ஜர்னல்டு. 'கேஸ் சென்சிடிவ்' என்று வாலோடு நிற்பவற்றைத் தொடாதீர்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்தை வேறு வேறாகப் பார்க்கும் டிஸ்க்கில் சில எடிட்டிங் மென்பொருள்கள் தடுமாறும். 'என்கிரிப்டட்' வேண்டுமா என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. வெளியாகாத படத்தின் ஃபுட்டேஜ் என்றால் கட்டாயம் போடுங்கள். கடவுச்சொல் மறந்தால் திரும்பக் கிடைக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

முடிந்ததும் டைம் மெஷின் பேக்கப்புக்கு இந்த டிரைவைப் பயன்படுத்தலாமா என்று மேக் கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஸ்பாட்லைட் அமைப்பில் சர்ச் பிரைவசி பட்டியலில் இந்த டிரைவைச் சேர்த்துவிட்டால், எடிட் செய்துகொண்டிருக்கும்போது பின்னணியில் ஒவ்வொரு கோப்பாகக் கிளறிக்கொண்டிருக்காது.

விண்டோஸில் செய்யும் முறை

புது டிரைவ், அல்லது ஏற்கனவே விண்டோஸில் ஓடிய டிரைவ் என்றால் எளிது. 'திஸ் பிசி' திறந்து, டிரைவின் மேல் வலது கிளிக் செய்து ஃபார்மேட் தேர்ந்தெடுங்கள். வேலை டிரைவுக்கு என்டிஎஃப்எஸ், பயண டிரைவுக்கு எக்ஸ்ஃபேட். 'அலகேஷன் யூனிட் சைஸ்' என்ற இடத்தில் டிஃபால்ட்டையே விட்டுவிடுங்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட எக்ஸ்ஃபேட்டுக்கு அது 128 கேபி. வீடியோவுக்குப் பொருத்தமான அளவுதான். இதை ஏற்றி இறக்கி வேகம் கூட்டலாம் என்று சொல்லும் யூடியூப் வீடியோக்களுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

'குவிக் ஃபார்மேட்' டிக் எஸ்எஸ்டிக்கு இருக்கட்டும். புது ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரு முறை அந்த டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் செய்வது நல்லது. டிஸ்க் முழுவதையும் எழுதி, கெட்ட இடம் இருந்தால் கண்டுபிடித்துவிடும். பெரிய டிஸ்க்குக்குப் பல மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

மேக்கிலிருந்து வந்த டிரைவ் என்றால் கொஞ்சம் வேலை அதிகம். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்கள். கீழே டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வரிசையாக நிற்கும். அளவை வைத்து உங்கள் வெளி டிரைவை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். அதில் இருக்கும் பார்ட்டிஷன்களை வலது கிளிக் செய்து அழித்து, காலியான இடத்தில் 'நியூ சிம்பிள் வால்யூம்' கொடுத்தால் வழக்கமான கேள்விகள் வரும். எம்பிஆர் என்றிருந்தால், எல்லாவற்றையும் அழித்த பிறகு டிஸ்க்கின் பெயர் மேல் வலது கிளிக் செய்து ஜிபிடிக்கு (மேக்கில் 'ஜியூஐடி பார்ட்டிஷன் மேப்' என்று பார்த்ததுதான்) மாற்றிக்கொள்ளலாம்.

முன்னால் 200 எம்பி அளவில் இஎஃப்ஐ என்று ஒரு துண்டு நிற்கலாம். டெலீட் கொடுத்தாலும் போகாது. மேக் வைத்துவிட்டுப் போன துண்டு அது. அங்கேயே கிடந்தாலும் வேலைக்கு இடைஞ்சல் இல்லை. போயே ஆக வேண்டும் என்றால் டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் அந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து 'கிளீன்' கட்டளை கொடுக்க வேண்டும். டிஸ்க்பார்ட் 'நிச்சயமாகவா' என்று திருப்பிக் கேட்காது. எண்ணைத் தவறாகக் கொடுத்தால் வேறு டிஸ்க்கைத் துடைத்துவிடும். மற்ற டிரைவ்களைக் கழற்றச் சொன்னதன் அருமை அப்போது தெரியும்.

விண்டோஸில் இன்னொரு வேலையும் உண்டு. அதே டிஸ்க் மேனேஜ்மென்டில் டிரைவின் மேல் வலது கிளிக் செய்து, டிரைவ் எழுத்தை வி, டபிள்யூ மாதிரி கடைசிப் பக்கம் உள்ள ஏதோ ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள். விண்டோஸ் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். இன்று இ, நாளை எஃப் என்று எழுத்து மாறிக்கொண்டிருந்தால் ப்ரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளைத் திறந்ததும் டைம்லைன் முழுக்க சிவப்பாக 'மீடியா ஆஃப்லைன்' நிற்கும்.

எக்ஸ்ஃபேட்டை எதில் ஃபார்மேட் செய்வது என்றால், விண்டோஸில் என்பேன். மேக்கில் செய்த எக்ஸ்ஃபேட் டிரைவைச் சில விண்டோஸ் கம்ப்யூட்டர்களும் கேமராக்களும் டிவிகளும் ஏற்க முரண்டு பிடிப்பது உண்டு. விண்டோஸில் செய்ததை மேக் பொதுவாக முணுமுணுக்காமல் எடுத்துக்கொள்ளும். எக்ஸ்ஃபேட்டில் டிரைவ் பெயர் 11 எழுத்துக்குள் இருக்க வேண்டும்.

மென்பொருள் என்ன கேட்கிறது

ஃபைனல் கட் ப்ரோ லைப்ரரி எக்ஸ்ஃபேட்டில் இருக்கக் கூடாது. ஏபிஎஃப்எஸ் அல்லது மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டட் இரண்டில் ஒன்றில்தான் அது இருக்க வேண்டும். ஃபுட்டேஜ் மட்டும் வேறு டிரைவில் இருக்கலாம். ஃபைனல் கட் எடிட்டரிடம் எக்ஸ்ஃபேட் டிஸ்க் வந்தால் முதல் வேலை, லைப்ரரிக்கு வேறு இடம் பார்ப்பது.

டாவின்சி ரிசால்வில் வேறு மாதிரிச் சிக்கல். அதன் ப்ராஜெக்ட் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பாக இருக்காது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ப்ராஜெக்ட் லைப்ரரியில் இருக்கும். ஃபுட்டேஜ் டிஸ்க்கை மட்டும் கழற்றி இன்னொருவரிடம் கொடுத்தால் அவருக்கு டைம்லைன் கிடைக்காது. ப்ராஜெக்ட் மேனேஜரில் ப்ராஜெக்ட் மேல் வலது கிளிக் செய்து 'எக்ஸ்போர்ட் ப்ராஜெக்ட்' கொடுத்தால் டைம்லைன் விவரங்கள் மட்டும் உள்ள சிறிய டிஆர்பி கோப்பு கிடைக்கும். 'எக்ஸ்போர்ட் ப்ராஜெக்ட் ஆர்கைவ்' கொடுத்தால் ஃபுட்டேஜையும் சேர்த்துக் கட்டித் தரும். எதிர் ஆளிடம் ஏற்கனவே ஃபுட்டேஜ் இருக்கிறதென்றால் முதலாவதை வாட்ஸ்ஆப்பில்கூட அனுப்பிவிடலாம், டிஸ்க்கே தேவையில்லை.

ப்ரீமியரில் ஃபைல் மெனுவில் ப்ராஜெக்ட் மேனேஜர் இருக்கிறது. அதில் 'கலெக்ட் ஃபைல்ஸ் அண்ட் காப்பி' தேர்ந்தெடுத்து பயண டிரைவைக் காட்டினால் பயன்படுத்திய கிளிப்புகளை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துவிடும். எடியஸில் இதே வேலைக்கு 'கன்சாலிடேட் ப்ராஜெக்ட்'. கேஷ் கோப்புகளைப் பயண டிரைவில் ஏற்ற வேண்டாம். அவை எதிர் கம்ப்யூட்டரில் தானாக மறுபடி உருவாகும். சின்னச் சின்னதாக ஆயிரக்கணக்கில் இருப்பதால் காப்பி நேரத்தைத்தான் தின்னும்.

ஐபோன் 15 ப்ரோ முதல் வந்த ப்ரோ மாடல்களில் நேரடியாக எஸ்எஸ்டியில் ப்ரோரெஸ் எடுக்கலாம். அதற்கு டிரைவ் ஏபிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட்டில் இருக்க வேண்டும். கடவுச்சொல் போட்டிருக்கக் கூடாது. விநாடிக்குக் குறைந்தது 220 எம்பி எழுத வேண்டும். பெட்டியில் வரும் கேபிள் யுஎஸ்பி 2 என்பதால் இதற்கு உதவாது, 10 ஜிபிபிஎஸ் கேபிள் தனியாக வாங்க வேண்டும். பாதி ஏபிஎஃப்எஸ், பாதி எக்ஸ்ஃபேட் என்று பார்ட்டிஷன் போட்ட டிரைவோடு போனிடம் போகாதீர்கள், ஒரே பார்ட்டிஷன்தான் சரி.

பெயர் வைப்பதில் இருக்கும் சிக்கல்

ஃபார்மேட்டை ஒழுங்காகச் செய்தும் கிளிப்புகள் ஆஃப்லைன் ஆவதற்குப் பெயர்கள் காரணமாக இருக்கும். மேக்கில் கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, மேற்கோள்குறி எல்லாம் போட்டு ஃபோல்டருக்குப் பெயர் வைக்கலாம். விண்டோஸ் அவற்றை ஏற்காது. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஆழமாகப் போனால் முழுப் பாதையும் 260 எழுத்தைத் தாண்டும். அதற்கு மேல் போனதைப் பல விண்டோஸ் மென்பொருள்கள் திறக்காது.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம் உண்டு. 'கொ', 'கோ', 'கௌ' போன்றவற்றை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாக வைப்பது ஒன்று. எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைப்பது இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டட் டிஸ்க் எல்லாப் பெயரையும் இரண்டாவது விதமாகப் பிரித்தே வைக்கும், விண்டோஸில் தட்டச்சு செய்தால் பெரும்பாலும் முதல் விதம் வரும். 'கோவில்' என்ற ஃபோல்டரை ப்ராஜெக்ட் ஒரு விதமாகவும் டிஸ்க் மற்ற விதமாகவும் வைத்திருந்தால், ஃபோல்டர் கண்ணெதிரே இருக்கும்போதே மென்பொருள் காணவில்லை என்று சொல்லக்கூடும். அதனால் மீடியா ஃபோல்டர்களுக்கு ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, இவை மட்டும் போதும். மணமக்கள் பெயரைத் தமிழில் எழுத டைட்டிலில் இடம் இருக்கிறது.

டிரைவுக்கு வைக்கும் பெயரும் தனித்துவமாக இருக்கட்டும். ஒரே பெயரில் இரண்டு டிரைவை மேக்கில் செருகினால், இரண்டாவதின் பாதையில் தானாக ஒரு '1' ஒட்டிக்கொள்ளும். ப்ராஜெக்ட் தேடும் பாதை அதோடு மாறிவிடும். 'நியூ வால்யூம்', 'அன்டைட்டில்டு' என்றெல்லாம் விட்டுவைக்காதீர்கள்.

காப்பி, சரிபார்ப்பு, கழற்றல்

கேமரா கார்டிலிருந்து எடுக்கும்போது வீடியோ கோப்பை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். சோனி கார்டு என்றால் பிரைவேட் ஃபோல்டரை அதன் உள்ளடக்கத்தோடு முழுதாக எடுங்கள். அதன் உள்ளே இருக்கும் எக்ஸ்எம்எல் கோப்புகளில்தான் ஒவ்வொரு கிளிப்பின் விவரங்களும் இருக்கின்றன. கார்டுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குத் தேதியும் கேமரா எண்ணும் பெயராக. கார்டைக் காலி செய்வது கேமராவிலேயே நடக்கட்டும், கம்ப்யூட்டரில் ஃபார்மேட் செய்து திருப்பிப் போட வேண்டாம்.

சாதாரணமாக இழுத்துப் போட்டுக் காப்பி செய்தால், எழுதியது சரியாக எழுதப்பட்டதா என்று யாரும் திரும்பப் படித்துப் பார்ப்பதில்லை. ரிசால்வின் மீடியா பக்கத்தில் குளோன் டூல் இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்குக் காப்பி செய்து, செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டுச் சொல்லும். விண்டோஸில் டெராகாப்பியில் 'வெரிஃபை' போட்டுக்கொள்ளலாம். நேரம் கொஞ்சம் கூடும். தாலி கட்டுவதை இன்னொரு முறை எடுக்க முடியாது என்பதால் அந்த நேரத்தைக் கணக்குப் பார்க்க வேண்டாம். இரண்டு டிரைவில் சரிபார்த்த காப்பி வந்து சேரும்வரை கார்டைத் துடைக்காதீர்கள்.

பெரிய காப்பியில் ஹார்ட் டிஸ்க் முதலில் வேகமாகப் போய், பிறகு நொண்ட ஆரம்பிக்கும். பையில் போடும் சின்ன ஹார்ட் டிஸ்க்குகள் பலவற்றில் எஸ்எம்ஆர் என்ற முறை இருக்கிறது. கூரை ஓடு மாதிரி தகவல் வரிசைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருக்கும். தொடர்ந்து எழுதினால் திணறும். பழுது என்று நினைத்துப் பாதியில் பிடுங்காதீர்கள்.

முடிந்ததும் எஜெக்ட். விண்டோஸ் 10-இன் 2018 பதிப்பிலிருந்து வெளி டிரைவ்களுக்கு 'குவிக் ரிமூவல்' முறைதான் டிஃபால்ட். அது இருந்தாலும் எஜெக்ட் கொடுத்தே கழற்றுங்கள், எக்ஸ்ஃபேட்டில் கட்டாயம். எஜெக்ட் ஆக மறுத்தால் எடிட்டிங் மென்பொருள் இன்னும் ஏதோ கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை மூடிவிட்டுப் பாருங்கள். அப்போதும் முடியவில்லை என்றால் கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்துவிட்டுக் கழற்றுங்கள்.

டிரைவ் வரவில்லை என்றால்

ஒழுங்காக எஜெக்ட் ஆகாத எக்ஸ்ஃபேட் டிரைவை மேக்கில் செருகினால், விளக்கு எரியும், டெஸ்க்டாப்பில் ஒன்றும் வராது. டிஸ்க் யுடிலிட்டியில் பெயர் சாம்பல் நிறத்தில் நிற்கும், மவுண்ட் அழுத்தினாலும் நகராது. செத்துவிட்டது என்று நினைத்து எரேஸ் பக்கம் போகாதீர்கள். மேக் பின்னணியில் டிரைவைச் சோதித்துக்கொண்டிருக்கலாம். ஆக்டிவிட்டி மானிட்டர் திறந்து எஃப்எஸ்சிகே என்று தொடங்கும் பெயர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அதைத் தொடாமல் விடுங்கள். பல டிபி டிரைவ் என்றால் வெகுநேரம் பிடிக்கும். முடிந்ததும் டிரைவ் தானாக வந்து நிற்கும். அப்படியும் வராவிட்டால் விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகி, டிரைவின் ப்ராப்பர்ட்டீஸில் டூல்ஸ் பக்கத்தில் உள்ள 'எரர் செக்கிங்' கொடுத்துப் பாருங்கள். ஃபுட்டேஜுக்கு வேறு பிரதியே இல்லை என்றால் இந்தச் சோதனையையும் செய்யாதீர்கள். டிரைவில் எதுவும் எழுதாமல் டேட்டா மீட்பவரிடம் கொண்டுபோங்கள்.

மேக்கில் இருந்து வந்த எக்ஸ்ஃபேட் டிரைவை விண்டோஸில் திறந்தால், ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்தில் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் போட்ட அதே பெயரில் சில கேபி அளவுள்ள இன்னொரு கோப்பு தெரியும். மேக் தன் கூடுதல் தகவலை வைக்க வேறு இடமில்லாமல் உருவாக்கியவை அவை. வீடியோ இல்லை. ப்ரீமியரில் ஃபோல்டரோடு இம்போர்ட் செய்தால் இவற்றையும் எடுக்கப் பார்த்து பிழை காட்டும். பெயரை வைத்து வரிசைப்படுத்தி அழித்துவிடலாம், கிளிப்புக்கு ஒன்றும் ஆகாது.

வேலை முடிந்த ப்ராஜெக்ட்டை எடுத்து வைக்க எஸ்எஸ்டியைவிட ஹார்ட் டிஸ்க் நல்லது. கரண்ட் இல்லாமல் வருடக்கணக்காக அலமாரியில் கிடக்கும் எஸ்எஸ்டி தகவலைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது. காப்பக டிஸ்க்கின் ஃபார்மேட்டை, அதை நாளை எந்தக் கம்ப்யூட்டரில் திறப்பீர்களோ அதை வைத்து முடிவு செய்யுங்கள். டிஸ்க்கின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, ப்ராஜெக்ட் பெயர், ஆண்டு, ஃபார்மேட் மூன்றையும் பேனாவால் எழுதிவிடுங்கள். 'மேக் டிஸ்க், விண்டோஸில் ஃபார்மேட் கேட்டால் கேன்சல் கொடுக்கவும்' என்று ஒரு வரி சேர்த்தால், கூரியரில் வாங்கி முதலில் செருகிப் பார்க்கும் ஸ்டூடியோ பையனுக்கும் போன் போட்டுக் கேட்க வேண்டியிருக்காது.